சரக்கு வண்டியில் ஏறிய கூலிக்காரர்: தொழில் வாகனக் காப்பீடு யாரைக் காக்கிறது?

கட்டுரையின் கேள்வி

சிறிய சரக்கு வண்டி ஒன்றின் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பார்ப்போம். முதல் பக்கத்தில் பதிவு எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், மொத்த எடை ஆகியவை இருக்கும். அருகிலேயே 'சீட்டிங் கெப்பாசிட்டி' என்றொரு கட்டம். குட்டி யானை என்று ஊரில் வழங்கும் வகை வண்டியானால் அதில் 1+1 என்று அச்சாகியிருக்கும்: ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர். கீழே பிரீமியக் கணக்கு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் 1 முதல் நடப்பிலான அறிவிக்கையின்படி தேர்டு பார்ட்டி அடிப்படைப் பிரீமியம் 16,049 ரூபாய். அதே அறிவிக்கையில் 1,000 முதல் 1,500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். சரக்கு வண்டிக்காரர் ஏறத்தாழ ஐந்து மடங்கு கட்டுகிறார். அந்த வரிக்கும் கீழே, கூலி பெறும் ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு என ஒரு சிறு வரி. பெரும்பாலும் 50 ரூபாய். பல பாலிசிகளில் அத்தோடு கணக்கு முடிந்துவிடும்.

இந்தத் தாளோடு வண்டி சாலைக்கு வருகிறது. காலையில் பந்தல் சாமான், மதியம் கான்கிரீட் கலவை இயந்திரம், மாலையில் வாழைத்தார். ஒவ்வொரு நடையிலும் பின்னால் ஆட்கள் ஏறுகிறார்கள். ஏற்றி இறக்க வந்த லோடுமேன்கள், வேலை முடிந்து ஊர் திரும்பும் சித்தாள்கள், களையெடுக்கப் போகும் பெண்கள். சோதனைச் சாவடியில் காட்டுவதற்கு வேண்டிய காகிதம் அனைத்தும் சரியாக இருக்கிறது. வண்டி கவிழ்ந்தால், பின்னால் இருந்தவர்களில் எவருக்கு அந்தக் காகிதம் பதில் சொல்லும்?

தொழிலுக்கு வாகனம் வைத்திருப்போர் கட்டாயக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்பது அனைவரும் அறிந்தது. அந்தக் கட்டாயம் யாரை உத்தேசித்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. சட்டம் வண்டியை மையமாக வைத்து எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் வேலையோ மேஸ்திரி, சரக்குக்காரர், வண்டிக்காரர் ஆகிய மூவருக்கு இடையே பங்கிடப்பட்டு நடக்கிறது. இந்த இடைவெளியில்தான் கூலித் தொழிலாளியின் இழப்பீடு தொலைகிறது என்று வாதிட விரும்புகிறேன். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அடைக்க ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறது என்பதும், அந்த வழி இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பதும் வாதத்தின் மறுபாதி.

கட்டாயம் வந்த வரலாறு

இந்தியாவில் மோட்டார் வாகனக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம். அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்று. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு முன்மாதிரி. அந்த முன்மாதிரியின் நோக்கம் ஒன்றே: வண்டி வைத்திருப்பவரிடம் பணம் இல்லை என்பதற்காக, வண்டியால் அடிபட்ட வழிப்போக்கர் வெறுங்கையோடு போகக்கூடாது. வண்டிக்கு வெளியே இருப்பவரே சட்டத்தின் மனத்தில் இருந்தவர். வண்டிக்குள் இருப்பவர், அதிலும் சரக்குக்கு மேல் உட்கார்ந்திருப்பவர், அன்று கணக்கில் வரவில்லை.

பழைய சட்டத்தின் 95ஆம் பிரிவு காப்பீட்டாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பும் வைத்திருந்தது. சரக்கு வண்டி விபத்துக்கு 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 50,000 ரூபாய். 1982இல் அது 1,50,000 ஆயிற்று. 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் மரணம், உடற்காயம் இரண்டிலும் அந்த உச்சவரம்பை நீக்கியது. மூன்றாம் நபர் எவ்வளவு இழந்தாரோ அவ்வளவையும் காப்பீட்டாளர் தர வேண்டும் என்றானது பெரிய முன்னேற்றம். ஆனால் தொகையின் வரம்பு போனபின் ஆளின் வரம்பு முக்கியமாயிற்று. எவ்வளவு என்ற சண்டை முடிந்த இடத்தில் யாருக்கு என்ற சண்டை தொடங்கியது.

எந்த வண்டி தொழில் வாகனம்?

மஞ்சள் பலகை இருந்தால் தொழில் வாகனம், வெள்ளைப் பலகை இருந்தால் சொந்த வாகனம் என்பது பொதுவான நம்பிக்கை. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(14)ஆம் பிரிவு, சரக்குக்கென்றே கட்டப்பட்ட வண்டியோடு, அப்படிக் கட்டப்படாவிட்டாலும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது எந்த வண்டியையும் சரக்கு வாகனமாகக் கொள்கிறது. ஆக, பயன்பாடுதான் அளவுகோல்.

இதன் விளைவைச் சிறு வணிகர்கள் பலர் உணர்ந்திருப்பதில்லை. இனிப்புக் கடைக்காரர் ஒருவர் தம் சொந்த ஆம்னி வேனில் தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்கத் தட்டுகளை ஏற்றிக் கிளைக் கடைகளுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் வாடகைக்கு விடுதல், மாதிரிப் பொருளும் சொந்த மூட்டையும் தவிர்த்த பிற சரக்கை ஏற்றுதல், வேகப் பந்தயம், மோட்டார் வணிகம் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். தட்டுகள் ஏறியதும் அந்த வேன் பாலிசியின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. தம் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தை அவர் கோர முடியாமல் போவது ஒரு பக்கம். அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு அத்தொகையை அவரிடமே திரும்பக் கேட்கும் வாய்ப்பும் உண்டு. வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுசேர்க்கும் இளைஞரின் வெள்ளைப் பலகை இருசக்கர வாகனமும் இதே சிக்கலில்தான் நிற்கிறது.

பர்மிட் விஷயத்தில் சட்டம் சிறு வண்டிகளிடம் இளக்கமாகவே நடந்துகொள்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு 66(3)ஆம் பிரிவு பர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. 2005இல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ், கடன் வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கிய ஆயிரக்கணக்கான இளைஞர்களின் வண்டியானதில் இந்த விலக்குக்கும் பங்குண்டு. பர்மிட் கட்டாயமான வண்டி அது இல்லாமல் ஓடினால் நிலைமை வேறு: 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை நிபந்தனை மீறலாகக் கண்டது, காப்பீட்டாளர் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

ஓட்டுநர் உரிமம் பற்றிய நெடுநாள் தகராறு ஒருவாறு தீர்ந்துவிட்டது. இலகுரக வாகன உரிமம் மட்டும் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொல்லப்பட்டது. அதை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் உறுதிசெய்தது. பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி இந்த வகை வண்டிகளின் இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க இனி இடமில்லை. இந்தத் தெளிவு ஓட்டுநர் இருக்கைக்குக் கிடைத்துவிட்டது. பின்பக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றங்கள் கோடு கிழித்த இடம்

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 147ஆம் பிரிவு 'எந்த ஒரு நபரின்' மரணத்துக்கும் காயத்துக்கும் எதிராகக் காப்பீடு இருக்க வேண்டும் என்றது. சரக்கு வண்டியில் பயணம் செய்தவரும் ஒரு நபர்தானே என்ற கேள்வி எழுந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவருக்குக் காப்பு இல்லை என்று மல்லவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்திருந்தது. புதிய சட்டத்தின் வாசகம் அகலமானது என்று கண்டு, 1999 டிசம்பரில் சத்பால் சிங் வழக்கில் காப்பு உண்டு என்றது. மூன்று ஆண்டுகள் மட்டுமே அந்த நிலை நீடித்தது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சத்பால் சிங் தீர்ப்பைத் தவறென்று புறந்தள்ளியது.

ஆஷா ராணி தீர்ப்பின் தர்க்கத்தை இன்று படித்தாலும் அதன் உறுதி புரிகிறது. 1994 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 'சரக்கின் உரிமையாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற பிரதிநிதி' என்ற சொற்களை 147ஆம் பிரிவில் சேர்த்தது. எல்லாப் பயணிகளும் முன்பே உள்ளடங்கியிருந்தால் சரக்குக்காரரைத் தனியே சேர்க்க வேண்டிய தேவை எழுந்திராது. ஆகவே அவர் மட்டுமே சேர்க்கப்பட்டார், மற்றவர் சேர்க்கப்படவில்லை. சட்ட விளக்கக் கலையின்படி இதில் குறைகாண்பது கடினம். 2007இல் சொல்லேட்டி பாரதம்மா வழக்கு இன்னும் ஒரு படி போயிற்று: சரக்குக்காரரே ஆனாலும் ஓட்டுநர் அறைக்குள் இருந்திருக்க வேண்டும், சரக்கின் மேல் அல்ல.

இந்த வரிசையில் நான் நிறுத்திப் பார்க்க விரும்பும் இடம், 1994இல் நாடாளுமன்றம் யாரை நினைத்தது என்பது. நெல் மூட்டையோடு சந்தைக்குப் போகும் விவசாயி, தக்காளிக் கூடையோடு கோயம்பேட்டுக்கு வரும் வியாபாரி ஆகியோரை அது நினைத்தது. மூட்டைக்குச் சொந்தக்காரருக்குக் காப்பு வந்தது. அதே மூட்டையைத் தலையில் சுமந்து ஏற்றிய ஆளுக்கு வரவில்லை. சொத்து வைத்திருப்பது வண்டியில் இருப்பதற்கான நியாயமான காரணமாக ஏற்கப்பட்டது. உழைப்பு அதே அளவில் ஏற்கப்படவில்லை. இந்தத் தேர்வைத் திருத்தத்தின் வாசகம் தற்செயலாகச் செய்திருக்கலாம். விளைவு தற்செயலானதன்று, அது முப்பது ஆண்டுகளாகத் தீர்ப்பாயங்களில் வீடு வீடாகப் பிரிந்து விழுகிறது.

யாருடைய ஆள்?

உழைப்பாளிக்குச் சட்டம் முற்றிலும் கதவடைத்துவிடவில்லை என்று பதில் வரலாம். உண்மைதான். பழைய 147ஆம் பிரிவின் நிபந்தனைப் பகுதி, ஓட்டுநருக்கும், சரக்கு வண்டியில் கொண்டுசெல்லப்படும் பணியாளருக்கும் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விதிக்கும் அளவுக்குக் காப்பை அனுமதித்தது. ஆனால் 'பணியாளர்' என்றால் யாருடைய பணியாளர்? 2012 டிசம்பரில் சஞ்சீவ் குமார் சம்ராட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: காப்பீடு செய்தவரின், அதாவது வண்டி உரிமையாளரின் பணியாளர். சரக்கு உரிமையாளர் கூட்டிவந்த கூலியாட்கள் இதில் வரமாட்டார்கள்.

நம் ஊர்களில் வேலை எப்படி அமைகிறது என்று பார்த்தால் இந்த விடையின் கனம் விளங்கும். கட்டட வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மேஸ்திரி. அவர் பொறியாளரிடமோ வீட்டுக்காரரிடமோ ஒப்பந்தம் பேசுகிறார். கலவை இயந்திரமும் ஆட்களும் ஒரே வண்டியில் வர வேண்டும் என்பதற்காக வண்டியை நாள் வாடகைக்கு எடுக்கிறார். வண்டிக்காரர் வாடகை வாங்குவதோடு சரி. ஆட்களுக்குக் கூலி தருபவர் அவரல்லர். செங்கல், மணல், கம்பி ஏற்றும் இடங்களில் லோடு இறக்கும் கூலியைச் சரக்கு வாங்கியவர் தருகிறார், ஏற்றும் கூலியை விற்றவர் தருகிறார், ஆட்களோ வண்டியோடு நிரந்தரமாகச் சுற்றுகிறார்கள். பந்தல் தொழிலில் ஒரே ஆள் காலையில் ஒருவருக்கும் இரவில் வேறொருவருக்கும் வேலை செய்கிறார். இவர்களைப் பார்த்து "நீ யாருடைய ஆள்?" என்று கேட்டால் நேர்மையான பதில், நேரத்துக்கு நேரம் மாறும். சட்டம் கேட்பது ஒரே ஒரு பெயர்.

அந்தப் பெயர் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையில் தீர்மானமாகிவிடுகிறது. விபத்து நடந்த இரவில், அரசு மருத்துவமனை வராந்தாவில், உறவினரோ அதே வண்டியில் வந்து பிழைத்தவரோ சொன்னதைக் காவலர் எழுதுகிறார். 'மேற்படி வாகனத்தில் லோடு இறக்கும் வேலைக்காகச் சென்றபோது' என்று எழுதினால் ஒரு வழி. 'மேற்படி வாகனத்தில் ஏறி ஊருக்குச் செல்லும்போது' என்று எழுதினால் வேறு வழி. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். லோடு இறக்கப் போனவர் திரும்பி ஊருக்குத்தான் வருவார். ஆண்டுகள் கழித்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் எடுப்பார்.

பணத்தில் இதன் பொருள் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது வயதுத் தொழிலாளி, மாத வருமானம் 15,000 ரூபாய், மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருக்கிறார்கள். அவர் சாலையில் நடந்துபோகும்போது இதே வண்டி மோதி இறந்திருந்தால் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகளின் முறைப்படி வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து, சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்து, பெருக்கெண் 17ஆல் பெருக்க வேண்டும். வருமான இழப்பு மட்டும் 32,13,000 ரூபாய். அவர் வண்டி உரிமையாளரின் பணியாளராக அதே வண்டியில் இருந்து இறந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கோரினால், கூலியில் பாதியான 7,500ஐ முப்பது வயதுக்குரிய காரணி 207.98ஆல் பெருக்கி 15,59,850 ரூபாய். மேஸ்திரி கூட்டிவந்த ஆளாக இருந்து இறந்தால், சம்ராட் தீர்ப்பின்படி காப்பீட்டாளரின் பொறுப்பு பூஜ்யம். வண்டிக்காரரிடமோ மேஸ்திரியிடமோ வசூலிக்கலாம் என்று தீர்ப்பு கையில் கிடைக்கும். தவணை கட்டி முடியாத வண்டிதான் வண்டிக்காரரின் சொத்து, அதுவும் நொறுங்கிக் காவல் நிலைய வளாகத்தில் நிற்கும்.

சாவு ஒன்று, வண்டி ஒன்று, பிரீமியம் ஒன்று. மாறுவது அந்த மனிதர் எங்கே இருந்தார், யாரிடம் கூலி வாங்கினார் என்பவை மட்டும்.

'கொடுத்துவிட்டு வசூலி' என்ற நடுவழி

இந்தக் கடுமையை நீதிமன்றங்கள் உணராமல் இல்லை. 2004 ஜனவரியில் பல்ஜீத் கௌர் வழக்கில், ஆஷா ராணி சொன்ன சட்டமே சரி என்று ஏற்ற அமர்வு, அதற்கு முன்பு நிலவிய குழப்பத்தைக் கருதி, காப்பீட்டாளர் தொகையைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. அதே மாதம் ஸ்வரண் சிங் வழக்கு ஓட்டுநர் உரிமக் குறைபாடுகளுக்கு இம்முறையை விரிவாக வகுத்தது. 2007இல் பிரிஜ் மோகன் வழக்கில், டிராக்டர் டிரெய்லரில் இருந்த கூலித் தொழிலாளிக்குச் சட்டப்படி காப்பில்லை என்று சொல்லிவிட்டு, அரசமைப்பின் 142ஆம் உறுப்பின் அதிகாரத்தைக் கொண்டு உச்ச நீதிமன்றம் இதே வழியை அளித்தது. 2017இல் மனுவாரா காத்தூன், 2019இல் அனு பன்வாரா என்று வரிசை நீள்கிறது.

இந்த நடுவழியை மனிதநேயமான கண்டுபிடிப்பு என்று பாராட்டுவோர் உண்டு. வழக்கு நடத்தும் குடும்பத்தின் கோணத்தில் அது உயிர்நாடிதான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தீர்வாக எடுத்துக்கொண்டால் அதில் மூன்று கோணல்கள் தெரிகின்றன. ஒன்று, அது உரிமையன்று. சட்டப்படி பொறுப்பில்லை என்று கண்டபின் அமர்வின் கருணையில் கிடைப்பது. 142ஆம் உறுப்பின் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே வழக்கு முடிந்துவிடும் குடும்பம் அந்த வாசல்வரை போவதில்லை. இரண்டு, இறுதிச் சுமை ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கும் உரிமையாளர் மேல் விழுகிறது. பிரீமியம் தவறாமல் கட்டியவரும் காப்பீடே எடுக்காதவரும் கடைசியில் ஒரே கதிக்கு வருகிறார்கள். மூன்றாவது, இழப்பை ஆயிரம் பேரிடம் சிறிதுசிறிதாகப் பரப்புவதற்குத்தான் காப்பீடு. இங்கே அது காப்பீட்டு நிறுவனம் முன்பணம் கொடுக்கும் கடனாகச் சுருங்கிவிடுகிறது.

எதிர்வாதத்தின் வலு

காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பிலும் பொதுநலத் தரப்பிலும் ஒரு வலுவான வாதம் உண்டு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே குற்றம். அதற்குக் காப்பீடு கொடுத்தால் குற்றத்துக்கு ஊக்கம் கொடுத்ததாகும். திறந்த பின்பக்கத்தில் இருக்கையும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. ஒரு வளைவில் வண்டி சாய்ந்தால் பத்துப் பேர் ஒரே நொடியில் தூக்கியெறியப்படுகிறார்கள். சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022இல் மட்டும் இங்கே 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இப்படிப்பட்ட மாநிலத்தில் ஆபத்தான பயணத்தை எளிதாக்கும் எதையும் சேர்க்கலாமா என்ற தயக்கம் மதிக்கத்தக்கது.

ஆனால் அச்சுறுத்தல் பயன்படுவதற்கு, அஞ்ச வேண்டியவரிடம் அது போய்ச்சேர வேண்டும். வண்டியில் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் வண்டிக்காரரும் மேஸ்திரியும். தண்டனை விழுவது அந்த முடிவில் குரலே இல்லாத சித்தாள் மேல். அதிகாலை நான்கரை மணிக்குப் பேருந்து ஓடாத ஊரில், "இதில் ஏறு, இல்லையென்றால் இன்றைக்குக் கூலி கிடையாது" என்பதே அவருக்குக் கிடைத்த தேர்வு. பாலிசியின் விலக்கு நிபந்தனையைப் படித்துவிட்டா அவர் ஏறுகிறார்? இழப்பீடு மறுக்கப்படும் என்பதால் ஒருவரும் வண்டியிலிருந்து இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை. தடுக்க வேண்டுமானால் அபராதம், உரிமத் தடை, வேலையிடத்துக்கு ஆள் ஏற்றும் முறையான வண்டி என்று செய்யலாம். அவை ஏற்றியவரைப் பிடிக்கும்.

வேறொரு துறையில் அரசே இந்த வேறுபாட்டைக் கைவிட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஏழு நாள்களுக்கு 1,50,000 ரூபாய் வரை தருகிறது. இரண்டும், அடிபட்டவர் வண்டியின் முன்னால் இருந்தாரா பின்னால் இருந்தாரா என்று கேட்பதில்லை. சிகிச்சைக்குப் பொருந்தாத கேள்வி, இறந்தவரின் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் பொருந்த வேண்டும்?

2019 திருத்தத்தை எப்படிப் படிப்பது?

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு அத்தியாயம் முழுவதும் மாற்றி எழுதப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பேச்சில் இதன் அபராதத் தொகைகளே பேசப்பட்டன. காப்பீடின்றி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 என்பது போல. யாரும் தவறு செய்யவில்லை என்றாலும் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்ற 164ஆம் பிரிவும் ஓரளவு கவனம் பெற்றது. சரக்கு வண்டித் தொழிலாளியைப் பொறுத்தவரை முக்கியமானவை வேறு மூன்று மாற்றங்கள்.

புதிய 147ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனத்தின் பயணிகளுக்குக் காப்பு உண்டு என்று சொல்லி, சரக்கு வண்டியில் கட்டணமின்றிப் பயணம் செய்பவரை வெளிப்படையாக விலக்கியது. ஆஷா ராணி தீர்ப்பு நீதிமன்ற விளக்கமாக இருந்தது. இப்போது சட்ட வாசகமாகவே ஆகிவிட்டது. இது பின்னடைவு. ஆனால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அளவுக்குள் பொறுப்பைச் சுருக்கிய பழைய நிபந்தனைப் பகுதி புதிய பிரிவில் இடம்பெறவில்லை. அதோடு 145ஆம் பிரிவு 'மூன்றாம் நபர்' என்பதில் அரசையும், ஓட்டுநரையும், போக்குவரத்து வாகனத்தில் உடன் வேலை செய்யும் எவரையும் சேர்த்துக்கொண்டது.

கடைசி மாற்றத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். சம்ராட் தீர்ப்பு நின்றது பழைய நிபந்தனைப் பகுதியின் 'பணியாளர்' என்ற சொல்லின் மேல். பணியாளர் என்றால் முதலாளி ஒருவர் இருந்தாக வேண்டும், யார் அந்த முதலாளி என்ற கேள்வி வரும். புதிய வரையறை முதலாளியைக் கேட்கவில்லை. அது கேட்பது வண்டியில் என்ன வேலை, யாரோடு சேர்ந்து என்பதுதான். ஓட்டுநரோடு சேர்ந்து அந்த வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குபவர், கூலியை மேஸ்திரியிடம் வாங்கினாலும் சரக்குக்காரரிடம் வாங்கினாலும், வண்டியில் உடன் வேலை செய்பவரே. ஆகவே 2022 ஏப்ரல் 1க்குப் பிந்தைய விபத்துகளில் சம்ராட் தீர்ப்பை அப்படியே பொருத்துவது சரியன்று என்பது என் வாதம். தீர்ப்பாயங்களில் கோரிக்கையாளர் தரப்பு இந்த வாதத்தை வெளிப்படையாக எழுப்ப வேண்டும். மனுவிலேயே அந்த ஆள் வண்டியில் என்ன வேலை செய்தார் என்பதை, எந்தச் சரக்கு, எங்கே ஏற்றி எங்கே இறக்க என்ற விவரத்தோடு, சொல்ல வேண்டும்.

இந்த வாசிப்பு எல்லாரையும் காப்பாற்றாது. களையெடுக்கப் போகும் பெண்களுக்கு வண்டியில் வேலை இல்லை. வண்டி அவர்களை வேலைக்குக் கொண்டுபோகிறது. அவர்கள் விலக்கப்பட்ட பயணிகளாகவே நிற்பார்கள். அவர்களுக்குச் சட்ட விளக்கம் போதாது, பாலிசியே மாற வேண்டும்.

பாலிசியை மாற்ற முன்மாதிரி உண்டா?

உண்டு, இரண்டு உண்டு. முதலாவது வண்டி உரிமையாளருக்குச் செய்யப்பட்டது. தாமே ஓட்டும் உரிமையாளர் எந்த விளக்கத்திலும் மூன்றாம் நபர் ஆகமாட்டார். அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பு சட்டத்தின் 147ஆம் பிரிவில் இல்லை. மோட்டார் கட்டண விதிகளின் வழியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அத்தொகை இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சமாகவும் பிற வாகனங்களுக்கு 2 லட்சமாகவும் நெடுங்காலம் கிடந்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உயர்த்தச் சொன்னது. 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் சுற்றறிக்கை 15 லட்சமாக்கியது. நாடாளுமன்றம் கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு சுற்றறிக்கையில் முடிந்தது.

இரண்டாவது முன்மாதிரி தமிழ்நாட்டுக்கே உரியது. உடலுழைப்புத் தொழிலாளிக்கு நிலையான முதலாளி ஒருவர் இருப்பதில்லை என்பதை 1982ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. சுமை ஏற்றி இறக்கும் வேலைகள் அதன் அட்டவணையில் உண்டு. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. அதற்கான நிதி எந்த மேஸ்திரியிடமும் "இவர் உன் ஆளா?" என்று கேட்டு வாங்கப்படுவதில்லை, கட்டடச் செலவில் ஒரு சதவீதமாக, வேலையிலிருந்தே எடுக்கப்படுகிறது. முதலாளியைத் தேடி அலையாமல் வேலையின் மேல் பொறுப்பை வைக்கும் இந்த முறைக்கு வாகனத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வாகனம் பதிவானது, எண் உடையது, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுவது.

ஏற்றி இறக்கும் ஆட்களுக்கும் கட்டணமில்லாப் பயணிகளுக்கும் பொறுப்பேற்கும் துணை ஒப்பந்தங்கள் 2002ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன; லோடுமேன்களுக்கு ஐ.எம்.டி. 39, கட்டணமில்லாப் பயணிகளுக்கு ஐ.எம்.டி. 37. கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வேண்டும் என்று வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. 16,049 ரூபாய் கட்டியதும் 'எல்லாம் சேர்ந்துதான்' என்றே அவர் நம்புகிறார், முகவரும் மறுத்துச் சொல்வதில்லை. விருப்பத்துக்கு விடப்பட்ட இந்த வரிகளை, சரக்கு வண்டிப் பாலிசியில் உரிமையாளர் காப்பைப் போலவே நீக்க முடியாத வரிகளாக்கலாம். லோடுமேன் காப்பு வண்டியின் எடைக்கேற்ற ஆள் எண்ணிக்கையோடும், பயணிகளுக்கானது ஒரு குறைந்தபட்சத் தொகையோடும் இருக்கட்டும். 147(2)ஆம் பிரிவு அடிப்படைப் பிரீமியத்தை விதிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருவதால் அந்தக் கூடுதல் செலவை அடுத்த அறிவிக்கையிலேயே கணக்கிட்டுச் சேர்க்க முடியும். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வரும்போது அதிகாரி இப்போது காப்பீட்டின் காலாவதித் தேதியைப் பார்க்கிறார். அப்போது அதே தாளில் இரண்டு வரி கீழே, பின்னால் ஏறுபவருக்கான காப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.